டீ மாஸ்டர் பொங்கவிடாத பால்

மலைக்கு மேலே குளிர்காலம் என்றால் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பியும் மிளகாய் பஜ்ஜியும். எனக்கு அது கண்ணெதிரே போய்விடும் பஸ். கொட்டச்சேட்டிலிருந்து ஏற்காட்டுக்கு வரும் காலை வண்டி, மூடுபனி இறங்கிவிட்டால் நடந்து போகிறவர்களோடு போட்டி போடும். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஏற்காட்டு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் நான் குதித்து இறங்கும்போது சேலம் வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு பனிக்குள் கரைந்துகொண்டிருக்கும். அடுத்த வண்டிக்குக் காத்து, மலை இறங்கி, டவுன் பஸ் மாறிக் கல்லூரிக்குள் நுழைந்தால், வேதியியல் லேபில் என் வகுப்பே சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்.

அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்காது. முதல் வருஷம் அது. துத்தநாகத் துண்டை அமிலத்தில் போட்டதும் குமிழி குமிழியாகக் கிளம்பியதைப் பார்த்த அன்று, கொட்டச்சேடு திரும்பும்வரை பக்கத்து சீட்டுக்காரருக்கு அதை விளக்கிக்கொண்டே வந்தவள் நான். அவர் மிளகு மூட்டையோடு வந்த மாரமங்கலத்துக்காரர். "அப்பறம் என்னாச்சுங்க அந்தத் துண்டு?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

கார்த்திகை பாதியில் துறைத் தலைவி கூப்பிட்டுவிட்டார். "இன்னும் ஒரு மாசம் இப்படியே வந்தா உன்னைப் பரீட்சைக்கு விடமாட்டாங்கம்மா. அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல" என்றார்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்குக் கொட்டச்சேட்டில் மளிகைக் கடை. எஸ்டேட் ஆட்களுக்கு அரிசி, பருப்பு, புகையிலை, மண்ணெண்ணெய். ஹாஸ்டல் என்ற சொல்லை அவர் பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பது மாதிரி கேட்டுக்கொள்வார். துறைத் தலைவி சொன்னதைச் சொன்னபோது மட்டும் தராசைத் துடைத்துக்கொண்டே பேசினார்: "ஒரு வருசம் போச்சுன்னா போச்சு, புள்ள. மறுக்காவும் அதே கிளாசுக்குத் தாட்டி விட என்னால ஆகாது. ஊட்ல இரு, கடையைப் பாரு." அதில் கோபமே இல்லை. மழை வரும்போல இருக்கிறது, வெளியே காய்கிறதை எடுத்து வை என்பது போன்ற குரல். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மாதான் வேறு மாதிரி யோசித்தாள். "பஸ்ஸு நம்ம கிட்ட வராது. நாமதான் பஸ்ஸுகிட்டப் போவோணும்" என்றாள். காலையில் ஒண்டிக்கடையிலிருந்து கொட்டச்சேட்டுக்குத் திரும்பும் வண்டி காலியாகத்தான் வரும். அத்தா அதில் உட்கார்ந்து வந்து கடை திறக்கலாம். அத்தா ஒருநாள் கழித்து ஒண்டிக்கடையில் வீடு விசாரித்துக்கொண்டு வந்தார். சந்துக்குள் படியேறிப் போனால் இரண்டு அறை. வாசலில் நின்றால் சேலம் வண்டிக்காரர் இன்ஜினை உறுமவிடுவது கேட்கும். வீட்டுக்காரருக்கு எங்களைத் தெரியும், சரியென்றுவிட்டார். ஒரே தடங்கல்: உள்ளே ஆள் இருந்தது.

இருந்தவர் ஒண்டிக்கடை டீக்கடையின் மாஸ்டர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான்; பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மலையடிவாரத்தைத் தாண்டி அவர்கள் சொந்தமாக ஒரு வீடு கட்டி முடித்திருந்தார்கள். கீழேயே ஒரு கடையில் வேலையும் பேசியாகிவிட்டது. கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மார்கழி வாசலில் நிற்கிறது. மார்கழியில் யார் குடிபோவார்கள்?

"தை பொறந்ததும் மொத முகூர்த்தத்துல போயிருவமுங்க பாய்" என்று அத்தாவிடம் மாஸ்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். தை பிறப்பதற்குள் என் வருகைப் பதிவு செத்துப் புல் முளைத்துவிடும்.

என் பெஞ்சில் உட்காருகிற பெண்ணிடம் புலம்பினேன். அவள், "இதுக்கா அழற? எங்க தெருவுல ஒருத்தங்க கார்த்திகைலயே பாலைக் காய்ச்சி வெச்சுட்டாங்க. பால் காய்ச்சிட்டா குடிபோன கணக்குதான். சாமானை மார்கழில எடுத்துட்டுப் போனாங்க, விருந்தைத் தையில போட்டாங்க" என்றாள். அன்று மாலை பஸ் ஒண்டிக்கடையில் நின்றதும் நேரே அந்தப் படியேறி ஓடினேன்.

மாஸ்டரின் மனைவியை நான் அக்கா என்பேன். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஈரத் துணியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் எல்லார் வீட்டுத் துணியும் அடுப்பின் மேல்தான் காயும். எல்லாரும் புகை வாசனையோடுதான் நடமாடுவோம். நான் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"ஏன் கண்ணு, எங்களக் காலி பண்ண வெக்கறதுல உனக்கு இத்தன அவசரமா?"

"அவசரந்தானுங்கக்கா" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு அடங்கியது. "கல்யாணம் பண்ணி வந்ததுல இருந்து வாடகை ஊடு. இது சொந்த ஊடு கண்ணு. சனம் பூரா வந்து நின்னு, பட்டுச்சேலை கட்டி, நல்லாப் பண்ணோணும்னு நெனச்சிருந்தேன்."

"சனம், சேலை, விருந்து எல்லாம் தையில வெச்சுக்கோங்க. பால் மட்டும் இப்பங்க."

"படிச்ச புள்ளைகிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா?" என்று துணியைத் திருப்பினார். ஆனாலும் மறுநாளே கோயிலில் கேட்டுவிட்டார். கார்த்திகையின் கடைசி வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால் நல்ல நேரம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். எனக்குச் சேதி சொல்லும்போது ஒரு நிபந்தனையும் சேர்த்துச் சொன்னார்: "பாலு நல்லாப் பொங்கி வழியோணும் கண்ணு. பொங்கலைன்னா ஊட்டுக்கு நம்மளப் புடிக்கலைன்னு அர்த்தம். அப்பறம் தை தான். அதுக்கு மேல என்கிட்டப் பேசக்கூடாது."

பால் பொங்குவதில் என்ன சந்தேகம்? அடியில் சூடேறும், ஆவி மேலே வரும், ஆடை தடுக்கும், பொங்கும். அறிவியல் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலையே நானும் அத்தாவும் ஒண்டிக்கடைக்கு வந்துவிட்டோம். எங்களுக்காக அவர்கள் ஒன்று செய்யும்போது கூட நிற்பதுதான் முறை என்று அத்தா சொன்னார். வெள்ளி காலை முதல் வண்டி. மாஸ்டர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் கடைத் துண்டு. துண்டு எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, "அது இல்லாம ஒரு பக்கம் லேசா இருக்குது" என்றார். மடியில் தூக்குப்போசி நிறையப் பால். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் உடம்பு ஒரு பக்கம் சாய, தூக்கு மட்டும் சாயாமல் நின்றது.

"கடைக்கு வர்ற பாலு இல்லீங்க பாய். சொல்லி வெச்சு வாங்குனது. ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது" என்றார்.

"அப்ப இத்தன வருசமா நாங்க குடிச்சது?" என்றார் அத்தா.

"அது டீ, பாய்."

கீழே பனி இல்லை. வெயிலைப் பார்த்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். மூன்று தெருக்களுக்கு மனை பிரித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் எழும்பியிருந்த இடம். அவர்கள் வீடு நீலமாக, சுண்ணாம்பு வாசனையோடு, கதவுக்கு இன்னும் வர்ணம் அடிக்காமல் நின்றது. அக்கா வாசல் தெளித்துக் கோலம் போட்டார். உள்ளே சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், சொம்பில் தண்ணீர். சமையலறையில் கிழக்கு பார்த்து மூன்று செங்கல் அடுப்பு. புதுப் பித்தளைப் பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கொம்பு கட்டி, மாஸ்டர் தூக்கைக் கவிழ்த்துப் பாலை ஊற்றினார். நானும் அத்தாவும் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றோம். "ஏனுங்க பாய், வெளிய நிக்கறீங்க? உள்ள வாங்க" என்று அக்கா கூப்பிட்ட பிறகு உள்ளே போனோம்.

தேங்காய் மட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கற்பூரம் காட்டி அக்கா கண்ணை மூடிக் கைகூப்பினார். மாஸ்டரும் கூப்பினார், ஆனால் கண்ணை மூடவில்லை; பாலையே பார்த்தார். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி. நடுவில் ஆடை உப்பியது. பால் அசைந்தது, நிமிர்ந்தது, வெள்ளையாக எழும்பி விளிம்பைத் தொட்டது. நான் மனசுக்குள் சேலம் வண்டியில் ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டேன்.

அந்த நொடியில் மாஸ்டரின் தோளில் இருந்த துண்டு கைக்கு வந்தது. எப்படி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பாத்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்து, ஒரே தூக்காகத் தூக்கி, கீழே தரையில் வைத்துவிட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பால் 'உஸ்' என்று அடங்கி, பாதிப் பாத்திரத்துக்கு இறங்கிப் படுத்துக்கொண்டது.

அக்கா கண்ணைத் திறந்தார். அடுப்பைப் பார்த்தார். தரையில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"என்னங்க பண்ணிப்போட்டீங்க?"

"பொங்கிருமாட்ட இருந்துச்சு" என்றார் மாஸ்டர்.

அத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டேன்.

"அந்தக் கடைலதான் வாழ்நாளெல்லாம் ஒரு சொட்டுப் பாலு வழிய விடல. ஆயுசுல ஒரு தடவை, நம்ம ஊட்ல, வழிய விடக்கூடாதா?"

"கை தானா போயிருச்சு" என்று மாஸ்டர் தன் கையை யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி பார்த்தார். "மறுக்காவும் வெச்சாப் போவுது."

"காய்ச்சுன பாலைத் திரும்பக் காய்ச்சறதா? நல்லா இருக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "விடுங்க. ஊட்டுக்கு இப்ப நம்ம வர்றது புடிக்கல. தையிலயே வெச்சுக்கலாம்."

அத்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் வந்து, மெதுவாக, "விடு புள்ள" என்றார். அந்த இரண்டு சொல்லில் கல்லூரி முழுவதும் முடிந்துவிட்டதை நான் கேட்டேன். நாளையிலிருந்து கடை, தராசு, புகையிலை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பெரியவர்கள் விஷயம், அவர்கள் சாமி, அவர்கள் வீடு. ஆனால் எனக்கு வாய் அப்படி.

"அக்கா, பாலு பொங்கத்தானுங்க வந்துச்சு. கண்ணால பாத்தேன், விளிம்பு வரைக்கும் வந்துச்சு. ஊட்டுக்குப் புடிச்சுத்தான் இருக்குது. மாஸ்டர்தான் விடல. அவரு பண்ணுனதுக்கு ஊட்டைக் குத்தம் சொன்னா எப்படிங்க?"

அக்கா யோசித்தார் என்பது தெரிந்தது, ஏனென்றால் மாஸ்டரை முறைப்பதை நிறுத்தியிருந்தார்.

"ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குது" என்றார் அத்தா, கடிகாரத்தைப் பார்த்து.

"வேற பாலு. பசும்பாலு. எருமைப் பாலு ஆகாது."

தூக்கைக் கழுவக்கூட நிற்காமல் ஓடினேன், தெருக்குழாயில் அலசிக்கொண்டேன். முதல் வீட்டில் எருமை. இரண்டாவது வீட்டில் மாடே இல்லை, நாய் இருந்தது. தெருமுனைப் பெட்டிக்கடையில் பால் தீர்ந்துவிட்டது. மனைகளுக்குப் பின்னால் சோளத்தட்டுப் போர் ஒன்று தெரிந்தது. தட்டு இருந்தால் மாடு இருக்கும் என்று வேலி தாண்டிப் போனேன். ஒரு செவலைப் பசு, அதன் மடியில் கன்று, பக்கத்தில் சாணி அள்ளிக்கொண்டு ஒரு அம்மா.

"பாலெல்லாம் விடியக்காலமே சொசைட்டிக்கு ஊத்தியாச்சு சாமி. மிச்சத்தைக் கன்னு குடிக்குது" என்றார். "எதுக்கு இப்படி எரைக்க எரைக்க ஓடியாற?"

சொன்னேன். டீ மாஸ்டர், புது வீடு, பொங்க வந்த பால், துண்டு. துண்டு வந்த இடத்தில் அந்த அம்மா சாணிக் கூடையைக் கீழே வைத்துவிட்டார். "இறக்கி வெச்சுட்டாரா?" என்று கேட்டார். "இறக்கி வெச்சுட்டாருங்க. ஒரு சொட்டு சிந்தல." அவர் மாட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடு திரும்பிப் பார்த்தது.

"நீ அவங்க மகளா?"

"இல்லீங்க. பாய் ஊட்டுப் புள்ளைங்க."

"பாய் ஊட்டுப் புள்ள, அவங்க பாலு பொங்கறதுக்கு ஏன் ஓடுது?"

"அவங்க இங்க வந்தாத்தானுங்க நாங்க அங்க போக முடியும். நாங்க அங்க போனாத்தானுங்க நான் படிக்க முடியும்."

அவர் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைக் கழுவி, கன்றை இழுத்துக் கட்டினார். "சித்தப் பொறுத்துக்கோடா. ஒரு ஊடு காத்துக்கிட்டு இருக்குது" என்று கன்றிடம் சொன்னார். மாடு கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தது. தூக்கின் அடியை மறைக்கும் அளவுக்குப் பால்.

திரும்பி ஓடி வந்து அக்காவிடம் நீட்டியபோது, அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இத்தனூண்டு அந்தப் பாத்திரத்துக்கு எங்க காணும்?" தண்ணீர் வைத்திருந்த பித்தளைச் சொம்பைக் காலி செய்து, துடைத்து, மஞ்சள் கொம்பை அவிழ்த்து இதன் கழுத்தில் கட்டினார்.

"கழுத்து சின்னது. குபுக்குன்னு பொங்கிரும்" என்றார் மாஸ்டர் மூலையிலிருந்து.

"நீங்க பேசாதீங்க. வெளிய போங்க."

"ஊட்டுக்காரன் இல்லாம பால் காய்ச்சறதா?"

அது நியாயம்தான். அக்கா தயங்கினார். அத்தா முன்னால் வந்தார். "மாஸ்டர், கையை இப்படிக் குடுங்க." மாஸ்டரின் பின்னால் நின்று, இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார், கபடியில் பிடிப்பது போல. துண்டை நான் உருவி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"இதுக்காகவே பாய் நம்மகூட வந்தாராட்ட இருக்குது" என்றார் மாஸ்டர்.

அக்கா இந்த முறை கண்ணை மூடவில்லை. ஓரத்தில் குமிழி வந்தது. ஆடை உப்பியது. மாஸ்டரின் தோள் ஒருமுறை வெட்டியது. அத்தா பிடியை இறுக்கினார். "போவுது பாரு, போவுது பாரு" என்று மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சொம்பின் கழுத்தில் வெள்ளையாக ஒரு பூ மலர்ந்தது. அது மலர்ந்து, நின்று, கவிழ்ந்து, கிழக்குப் பக்கமாக வழிந்து நெருப்பில் விழுந்தது. சாம்பலும் பாலும் கலந்த அந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. மாஸ்டர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"பொங்கிருச்சுங்க" என்றார் அக்கா, அவரிடம், மெல்லிய குரலில். "கண்ணத் தொறங்க."

மிஞ்சியது ஆளுக்கு ஒரு வாய். சர்க்கரை போட்டு எனக்குத்தான் முதலில் கொடுத்தார். குடித்து முடித்ததும், "சாமானை எப்ப வேணாலும் எடுத்துக்கலாம் கண்ணு" என்றார். அத்தா ஜும்மா தொழுகைக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். நான் கல்லூரிக்குப் போனேன். காலை வகுப்பு போய்விட்டது. அது எப்படியும் போகிற வகுப்புதான்.

மார்கழியின் முதல் ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றினோம். காப்பிப் பழம் பறிக்கிற பருவம். மலையில் சும்மா இருக்கும் வண்டி ஒன்றுகூடக் கிடையாது. கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்தான் வழி சொன்னார்: காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரியில், மூட்டைகளுக்கு மேலே எங்கள் சாமான். ஒண்டிக்கடையில் எங்களுடையதை இறக்கி, அதே இடத்தில் மாஸ்டர் வீட்டுச் சாமானை ஏற்றிக் கீழே அனுப்புவது. ஒரே லாரி, இரண்டு குடும்பம். யோசனை அருமைதான். ஆனால் அன்றைக்கு விழுந்த பனியில் நீட்டிய கை தெரியவில்லை. சந்து வாசலில் இரண்டு வீட்டுச் சாமானும் ஒன்றாகக் கிடந்தன. ஏற்றுகிற ஆட்கள் கைக்கு அகப்பட்டதை ஏற்றினார்கள். எங்கள் மெத்தைச் சுருள் அடிவாரத்துக்குப் போயிற்று. அவர்கள் அம்மிக்கல் எங்களிடம் தங்கிவிட்டது. அன்றிரவு நாங்கள் கோணிச்சாக்கு விரித்து, இருந்த கம்பளிகளைச் சேர்த்துப் போர்த்திப் படுத்தோம். "அவங்க நம்ம மெத்தைல சொகமாத் தூங்குவாங்க, நாம அவங்க அம்மில தலை வெச்சுத் தூங்குவோம்" என்றாள் அம்மா.

ஆனால் அதற்கு முன்னால், சாமான் எதுவும் உள்ளே வருவதற்கு முன்னால், அம்மா குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலது காலை எடுத்து வைத்தாள். பின்னால் அத்தா உப்பும் அரிசியும் கொண்டுவந்தார். வெற்று அறையில் எங்கள் குரல் முட்டி முட்டித் திரும்பியது. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து, எங்களைப் போலவே, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது. எனக்கு அந்த வீட்டை உடனே பிடித்துவிட்டது.

திங்கட்கிழமை விடியற்காலை ஜன்னலுக்குக் கீழே இன்ஜின் உறுமியது. நான் அதற்கு முன்பே எழுந்து, குளித்து, பின்னல் போட்டு, வாசலில் நின்றிருந்தேன். படியில் இறங்கும்போது எதிரே எதுவும் தெரியவில்லை; மஞ்சளாக இரண்டு விளக்கு மட்டும். அதைப் பார்த்து நடந்தேன். ஓடவில்லை. ஓட வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. மேலிருந்து அத்தா, "ஜன்னல் ஓரம் உக்காராத, காத்தடிக்கும்" என்றார். நான் ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்தேன்.

லேப் இன்னும் திறக்கவில்லை. வராந்தாவில் ஈரக் காலணியோடு நின்றேன். சாவியோடு வந்த துறைத் தலைவி என்னைப் பார்த்து, பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னைக்கு பஸ் சீக்கிரம் வந்துடுச்சா?"

"பஸ் வழக்கம்போலத்தாங்க மேடம். நாங்கதான் கிட்ட வந்துட்டோம்."

"இனிமே ஒரு நாள்கூட விடக்கூடாது, தெரியுதா? விட்டா அவ்வளவுதான்."

"விடமாட்டேங்க" என்றேன். அவர் கதவைத் திறந்தார். உள்ளே குழாய்கள் போன வாரம் கழுவிக் கவிழ்த்தபடி வரிசையாகக் காய்ந்திருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் இடத்தில் வைத்துக்கொண்டேன்.